அப்பாவின் காதுக்கு நான் போட்ட எண்கள்

மகனே,

நீ இதைப் படிக்கும்போது என்னைவிடப் பெரியவனாக இருப்பாய். எனக்கு இப்போது பதினேழு வயது. பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். நீ இன்னும் பிறக்கவில்லை. மகனாகப் பிறப்பாயா மகளாகப் பிறப்பாயா என்பதும் எனக்குத் தெரியாது. மகன் என்றே வைத்துக்கொள்கிறேன். மகள் என்று நினைத்தால், என்னைப் போலவே ஒருத்தி எதிரில் உட்கார்ந்து என் முகத்தைப் பார்ப்பது போல இருக்கிறது. கை ஓட மாட்டேன் என்கிறது. தமிழ்ப் பரீட்சையில் கடிதம் எழுதச் சொன்னால் யாருக்கு என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். மாவட்ட ஆட்சியருக்கு எழுதியிருக்கிறேன், இல்லாத அண்ணனுக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதியிருக்கிறேன். இன்றைக்கு நான் சொல்ல வேண்டியதைக் கேட்க, உயிரோடு இருக்கிறவர்களில் ஒருவரும் தோதுப்படவில்லை. சிநேகிதியிடம் சொன்னால் திங்கட்கிழமைக்குள் பள்ளிக்கூடம் முழுக்கத் தெரிந்துவிடும். அம்மாவிடம் சொல்ல பயம். அப்பாவிடம் சொல்ல அதைவிட பயம். அதனால் இனிமேல் வரப்போகிற உன்னைப் பிடித்து உட்கார வைத்திருக்கிறேன்.

அடுப்படியில் கதவைச் சாத்திக்கொண்டு, செல்போனின் வெளிச்சத்தை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்து எழுதுகிறேன். முன்னறையில் அப்பாவும் அம்மாவும் படுத்திருக்கிறார்கள். இன்று சனிக்கிழமை. திங்கட்கிழமை காலையில் என் அப்பா, உனக்குத் தாத்தா ஆகிறவர், பட்டாசு கம்பெனியில் மருந்து செலுத்துகிற அறைக்குத் திரும்பவும் வேலைக்குப் போகிறார். வெடிக்குள் போகிற ரசாயனத்தை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். அந்த அறைக்குப் போகிற நிலையில் அவருடைய காது இல்லை. இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தவள் நான்.

எங்கள் ஊர் தாயில்பட்டி. நான் பத்தாம் வகுப்பு படித்தபோது, அப்பா வேலை பார்த்த கம்பெனியில் பக்கத்து அறை வெடித்தது. அப்பா அப்போது வெளியே சாக்கு எடுக்கப் போயிருந்தார். ஆளைத் தூக்கி மண்ணில் போட்டதே தவிர, உடம்பில் ஒரு கீறல் இல்லை. சாமி காப்பாற்றியது என்று எல்லாரும் சொன்னார்கள், அப்பா நேர்ந்துகொண்டு மொட்டை போட்டார். மூன்றாம் நாள் சாப்பிட உட்கார்ந்தபோது அம்மாவிடம், “குக்கரை இன்னும் இறக்கலையா? எம்புட்டு நேரமாச் சீறிக்கிட்டு இருக்கு” என்றார். அடுப்பில் குக்கரே இல்லை. அன்றைக்கு ஆரம்பித்த சீறல் இன்றுவரை நிற்கவில்லை. இரண்டு காதிலும், பகலிலும் இரவிலும். விருதுநகர் பெரிய ஆஸ்பத்திரியில் காது டாக்டர் பார்த்துவிட்டு, நரம்பில் அடிபட்டிருக்கிறது, இதற்கென்று மாத்திரை கிடையாது, பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பினார். நல்லெண்ணெயில் பூண்டு காய்ச்சி ஊற்றினோம். யாரோ சொன்னார்கள் என்று ஏதோ இலைச்சாறு பிழிந்தோம். ஒன்றும் ஆகவில்லை. பகலில் ஆள் பேச்சிலும் வேலையிலும் சத்தம் கொஞ்சம் அமுங்கிக் கிடக்கும், படுத்தால் எழுந்துவிடும். அதை அமுக்க அப்பா மார்கழியிலும் டேபிள் ஃபேனைத் தலைமாட்டில் வைத்து ஓட விடுவார். “ஊரே குளுருல நடுங்குது, இவுகளுக்கு மட்டும் சித்திரை” என்று அம்மா போர்வையை என் பக்கம் இழுத்துவிடுவாள்.

மருந்து அறையைப் பற்றி உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நீ வேறு எங்காவது வளர்ந்திருக்கலாம், அப்படி வளர வேண்டும் என்றுதான் ஆசை. ஓர் அறையில் நாலு பேர்தான் உட்காருவார்கள், சுற்றிலும் வாசல் இருக்கும். எங்காவது உரசி மருந்து பற்றுவதற்கு முன்னால் ஒரு சீறல் கேட்கும். கேட்டதும் எந்த வாசல் கிட்டே இருக்கிறதோ அதில் ஓடிவிட வேண்டும். என்ன ஏது என்று யோசிக்க நேரம் கிடையாது. அப்பாவின் காதில் எந்நேரமும் அந்தச் சீறல்தான். வெடி விபத்துக்குப் பிறகு அவர் அறைக்குத் திரும்பிய முதல் மாதத்தில் ஒரு நாள் திடீரென்று எழுந்து ஓடினார். அவர் ஓடியதைப் பார்த்து மற்ற மூன்று பேரும் ஓடினார்கள். ஒன்றும் இல்லை. இன்னொரு முறையும் அப்படியே நடந்தது. மூன்றாம் முறை மற்ற மூன்று பேரும் ஓடினார்கள், அப்பா அசையவில்லை. தன் காதுதான் ஏமாற்றுகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்குப் பற்றியது ஒரு கைப்பிடி மருந்துதான். சுவர் கறுத்ததோடு போயிற்று. ஃபோர்மேன் ஓடிவந்து, “ஏலே, எல்லாரும் ஓடுறான், நீ என்ன அங்கன உக்காந்து பூசையா பண்ணுறே?” என்று கத்தியிருக்கிறார். மறுநாளே அப்பாவைக் காகிதக் குழாய் சுற்றுகிற இடத்துக்கு மாற்றிவிட்டார். அங்கே அம்மாவையும் சேர்த்து எல்லாருமே பெண்கள். அப்பா ஒருவர்தான் ஆண். பேச்சியக்கா என்று ஓர் அக்கா, வாய் சும்மா இருக்காது. “அண்ணே, இங்கன நாங்கதான் சீறுவோம். பயந்து ஓடிராதீக” என்பாள். அப்பாவும் அவர்களோடு சேர்ந்து சிரிப்பாராம். வீட்டுக்கு வந்து சிரித்து நான் பார்த்ததில்லை.

இந்த இடத்தில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். உங்கப்பா என்ன வேலை என்று பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால், குழாய் சுற்றுகிறார் என்று நான் சொன்னதே இல்லை. மருந்து ரூமில் இருக்கிறார் என்றே சொல்லிவந்தேன். எங்கள் ஊரில் அதற்கு ஒரு கெத்து உண்டு. பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து பசை தடவுகிற அப்பாவுக்காக எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் என் பேனாவுக்குள்ளும் போயிருக்குமோ என்று இப்போது சந்தேகப்படுகிறேன்.

ஆறு வாரங்களுக்கு முன்னால் விருதுநகர் ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவுக்கு போன் வந்தது. காது இரைச்சல் உள்ளவர்களுக்கு அக்குபஞ்சர் ஊசி போட்டுப் பார்க்கப் போகிறார்கள், பழைய சீட்டில் இருந்த நம்பரைப் பார்த்துக் கூப்பிடுகிறோம், விருப்பம் இருந்தால் வாருங்கள் என்றார்கள். சாத்தூரில் பஸ் மாறி, நானும் அப்பாவும் போனோம். ஒரு டாக்டரம்மா, சின்ன வயதுதான், எங்களை உட்கார வைத்துப் பொறுமையாகச் சொன்னார். இந்த ஊசி காது இரைச்சலைக் குறைக்குமா என்று அவர்களுக்கே தெரியாது, அதைத் தெரிந்துகொள்ளத்தான் இந்தச் சோதனை. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நிஜ ஊசி. மீதிப் பேருக்கு முனை மழுங்கிய ஊசி. தோலில் பட்டதும் தன் குழலுக்குள்ளேயே ஏறிக்கொள்ளும், பார்க்கவும் உணரவும் குத்தியது போலவே இருக்கும். யாருக்கு எது என்பது மூடிய கவரில் இருக்கிறது. எட்டு வாரம் முடிகிறவரை நோயாளிக்கும் தெரியாது, கணக்கெடுக்கிற தனக்கும் தெரியாது என்றார்.

அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப குத்துறவருக்காவது தெரியுமாங்க?” என்று கேட்டார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். “அவருக்குத் தெரியும். ஆனா அவர் உங்ககிட்ட அதைப் பத்திப் பேசவே கூடாது.” “எங்க கம்பெனியிலயும் அப்படித்தாங்க. தெரிஞ்சவுக யாரும் பேச மாட்டாக” என்றார் அப்பா. எனக்குப் பெருமையாக இருந்தது. அப்பாவுக்கு ஒரு டாக்டரைச் சிரிக்க வைக்கத் தெரியும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். முடிந்த பிறகு, போலி ஊசி வந்தவர்கள் விரும்பினால் நிஜ ஊசியும் போடுவோம் என்று சொல்லிக் கையெழுத்து வாங்கினார்கள். அப்பா கையெழுத்து மட்டும்தான் போடுவார். பஸ் போர்டு படிப்பார். அதனால் நோட்டை என்னிடம் கொடுத்தார்கள். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு, சத்தம் எவ்வளவு இருக்கிறது என்று பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் அப்பா ஓர் எண் சொல்ல வேண்டும், நான் எழுத வேண்டும். “நீ கேக்கணும், அவர் சொல்லணும், அதை அப்படியே எழுதணும். வேற எதுவும் வேண்டாம்” என்றார் டாக்டரம்மா. பரீட்சையில் முதல் கேள்வி தெரிந்ததுபோலத் தலையை ஆட்டினேன்.

முதல் பன்னிரண்டு நாள் ஒழுங்காகக் கேட்டேன். கேட்டதும் அப்பா கண்ணை மூடிக்கொள்வார். உள்ளே எங்கேயோ இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவது போல இருக்கும். “எட்டு” என்பார். அடுத்த நாளும் எட்டு. ஒரு நாள் ஏழு. மறுபடியும் எட்டு. சொல்லிவிட்டு வெகுநேரம் எதையும் பார்க்காமல் உட்கார்ந்திருப்பார். பதின்மூன்றாம் நாள், சாப்பிட்டுக்கொண்டு இருந்தவரிடம் கேட்டுவிட்டேன். தட்டைத் தள்ளி வைத்தார். “ஏத்தா, அது பாட்டுக்கு ஒரு மூலையில கிடக்கு. நீ கேட்டாத்தான் அதை நான் கூப்பிட்டு முன்னால உக்கார வச்சுப் பாக்க வேண்டியிருக்கு” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார். அன்றைக்கு நானாக எட்டு என்று போட்டேன். மறுநாள் கேட்கவில்லை. அதற்கு அடுத்த நாளும் கேட்கவில்லை. அவருக்கு நல்லது செய்கிறேன் என்று நினைத்தேன். பாதிதான் உண்மை. திருப்புதல் பரீட்சை நடந்துகொண்டிருந்தது, மறந்தும் போனேன். வாரா வாரம் ஊசிக்குப் போகிற சனிக்கிழமை பஸ்ஸில் நோட்டைத் திறந்தபோது நாலு நாள் காலியாகக் கிடந்தது.

காலியாகக் கிடக்கிற நோட்டை நிரப்ப எங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். வேதியியல் செய்முறையில் பியூரெட்டைத் திறந்து நிறம் மாறும்போது அளவு எழுத வேண்டும், இரண்டு முறை ஒன்றுபோல வர வேண்டும். யாருக்கும் வராது. என்ன விடை வர வேண்டும் என்று போன வருஷத்து அக்காமார் நோட்டில் இருக்கும். அதிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவை எழுதிவிடுவோம். செய்முறைப் பரீட்சைக்கு முந்தின நாள் வகுப்பு முழுக்கத் தரையில் உட்கார்ந்து ரெக்கார்டு நோட்டு எழுதும். நன்றாக எழுதினால் ‘மிக நன்று’ என்று சிவப்பு மையில் வரும். அப்படித்தான் அந்த நாலு நாளையும் எழுதினேன். ஊசி போட்டால் சத்தம் குறைய வேண்டும், அதுதானே வர வேண்டிய விடை? ஏழு, ஏழு, ஆறு, ஏழு. ஒரேயடியாக இறங்கினால் சந்தேகம் வரும் என்று கடைசியில் ஓர் ஏழு. ஒருநாள் நீல மை, ஒருநாள் கறுப்பு மை. பஸ் குலுங்கினால் எழுத்து காட்டிக்கொடுக்கும் என்று, வண்டி நிற்கிற இடங்களில் மட்டும் எழுதினேன். இதையெல்லாம் எனக்கு யாரும் கற்றுக் கொடுக்கவில்லை. அதன் பிறகு நான் அப்பாவிடம் கேட்கவே இல்லை. சனிக்கிழமை சனிக்கிழமை எழுதினேன், எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. இடையில் ஒருநாள் வேண்டுமென்றே எட்டு போட்டு, பக்கத்தில் ‘மழை’ என்று எழுதினேன். அன்றைக்கு மழை பெய்யவே இல்லை.

நாலாவது வாரம் டாக்டரம்மா நோட்டைக் கேட்டார். அப்பா திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார். காதைச் சுற்றியும், கைகளிலும், பாதத்திலும் ஊசி, நிஜமோ போலியோ. டாக்டரம்மா ஒரு பக்கத்தைத் திருப்பி அடுத்த பக்கத்தைப் பார்த்தார். “தினமும் அப்பாகிட்ட கேட்டுத்தானே எழுதுறே?” என்றார். நான் தலையை ஆட்டினேன். மகனே, அதுவரைக்கும் எழுதினதை மறதி என்று சொல்லி இருக்கலாம், சோம்பல் என்று சொல்லி இருக்கலாம். கேட்ட பிறகு தலையை ஆட்டினேனே, அதற்கு வேறு பேர் கிடையாது. அப்பா சட்டையைப் போட்டுக்கொண்டு வந்ததும், “நல்லா குறைஞ்சிருக்கே. எட்டுல ஆரம்பிச்சு நாலுக்கு வந்திருக்கு” என்றார் டாக்டரம்மா. அப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த காதுப் படத்தைப் பார்த்தேன். என்னைக் கேட்காமல் எப்படி எழுதினாய் என்று அங்கேயே கேட்பார் என்று நினைத்தேன். அப்பா, “அப்படியாங்க” என்றார். பிறகு, “எனக்குப் பழகிப்போனதுல தெரியலை போல. பிள்ளை நான் தூங்குறது கொள்ளுறதெல்லாம் பாத்துக்கிட்டேதான் இருக்கா” என்று மெதுவாகச் சொன்னார். டாக்டரம்மா ஏதோ கேட்கத் தலையை நிமிர்த்தினார், அதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் அப்பா எனக்கு எண்ணெய் புரோட்டா வாங்கிக் கொடுத்தார். அவரும் தின்றார். கடைக்காரர் பின்னாலிருந்து இரண்டு முறை கூப்பிட்டதுமே நான் திரும்பிவிட்டேன், பார்த்தாயா என்று சிரித்தார். அன்று ராத்திரி ஃபேனை நிறுத்திவிட்டுப் படுத்தார். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. அவர் குறட்டை விட்டார், அம்மா இருட்டில் என் கையைப் பிடித்து அழுத்தினாள். அந்த அமைதியில் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. ஊசியா, என் எண்களா, அல்லது எங்களுக்காக அப்பா நடிக்கிறாரா? யாரைக் கேட்பது? யார் உண்மை சொல்வார்? உண்மை எழுதி வைத்திருக்க வேண்டிய ஒரே ஆள் நான்தானே.

இன்று சாயங்காலம் நாங்கள் விருதுநகரிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டு இருந்தபோது ஃபோர்மேன் வண்டியை நிறுத்தினார். சீசன் ஆர்டர் குவிந்து கிடக்கிறதாம், மருந்து செலுத்தக் கை பழகின ஆள் போதவில்லையாம்.

“என்னலே, காது சரியாயிருச்சுன்னு பேச்சியம்மா சொல்றா. நெசந்தானா?”

“பாதிக்கு மேல குறைஞ்சிருச்சு அண்ணாச்சி. டாக்டரம்மாவே சொல்லிட்டாக.”

“நீ சொல்லாதே. போன தடவையும் நீதானே கேக்கும் கேக்கும்னே. எழுத்துல எதுவும் இருக்கா?”

“நோட்டு இருக்கு. பாப்பாதான் எழுதுறா. ஏத்தா, எடுத்துட்டு வந்து அண்ணாச்சிக்கு வாசி.”

வாசித்தேன். வாசலில் நின்று, முதல் நாளிலிருந்து இன்றைய நாள் வரைக்கும், வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில் வாசித்தேன். எட்டு, எட்டு, ஏழு, எட்டு. கடைசியில் மூன்று, இரண்டு, இரண்டு. ஃபோர்மேன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ரிசல்ட் கேட்பது போலக் கேட்டார். “படிச்ச பிள்ளை எழுதுனதுல்லா” என்றார். அம்மா கதவோரம் நின்று, “அண்ணாச்சி, சீறுனா இவுகளுக்குக் கேக்குமான்னு ஒருக்கா...” என்று இழுத்தாள். “அதான் ரெண்டுன்னு போட்டிருக்கேம்மா. திங்கக்கெழமை வந்துரச் சொல்லுங்க. நாளைக்கு லிஸ்ட்டுல பேரை எழுதிருறேன்” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அப்பா நெஞ்சை நிமிர்த்தி நின்றார். வயது குறைந்ததுபோல இருந்தார். அதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, அதையும் மறைக்க மாட்டேன்.

பிறகு நான் ஒரு சோதனை செய்தேன். அப்பா வாசற்படியில் தெருவைப் பார்க்க உட்கார்ந்து அம்மாவிடம் சீசனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். அவருடைய சைக்கிள் அவருக்கு முதுகுப் பக்கம், ஒரு கை தூரத்தில், சுவரில் சாய்ந்து நின்றது. நான் குனிந்து பின் டயரின் வால்வைத் திருகினேன். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது. எதிர்வீட்டு நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது. அப்பா பேசிக்கொண்டே இருந்தார். தன் சைக்கிளில் காற்று இறங்குகிறது, தன் முதுகுக்குப் பின்னால், அவர் பேசிக்கொண்டே இருந்தார். அம்மாதான், “ஏட்டி, எதுக்குக் காத்தைப் புடுங்குறே?” என்றாள். அம்மாவின் முகத்தைப் பார்த்த பிறகுதான் அப்பா திரும்பினார். அதற்குள் டயர் சப்பையாகிவிட்டது. “பிள்ளைக்கு விளையாட்டைப் பாரு” என்றார்.

உனக்குப் புத்தி சொல்ல வேண்டும் என்று நினைத்துத்தான் ஆரம்பித்தேன். பெரியவர்கள் கடிதத்தில் அப்படித்தான் இருக்கும். அடுத்தவர் வலியை நீ எழுத நேர்ந்தால் கேட்டு எழுது. கேட்க முடியவில்லை என்றால் அந்த இடத்தைக் காலியாக விடு. காலியான நாலு கட்டத்தால் யாரும் செத்துப்போக மாட்டார்கள். எனக்கு இதைத் தவிர வேறு புத்தி இல்லை. இதையும் இருபது வருஷம் கழித்து நீ படித்து என்ன ஆகப்போகிறது? அடுப்படியில் உட்கார்ந்து பிறக்காத பிள்ளையிடம் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டால் மனசு லேசாகிவிடும், லேசானதும் தூங்கிவிடுவேன், திங்கட்கிழமை வந்துவிடும். எழுதும்போதே கொஞ்சம் லேசாகிறது. அதுதான் பயமாக இருக்கிறது. பேனாவை வைத்துவிட்டுப் போகிறேன்.

திரும்பி வந்துவிட்டேன்.

அப்பா விழித்துத்தான் இருந்தார். என்னைப் பார்த்ததும், “இன்னும் படிக்கியாத்தா?” என்றார். பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா எழுந்துவிடக் கூடாது என்று மெல்லிய குரலில், “அப்பா, நோட்டுல நான் எழுதுனது பொய்” என்றேன். “என்னது?” என்றார். அவருக்குக் கேட்கவில்லை. நான் பட்ட பாட்டுக்கு ஒரு தடவை சொன்னால் போதாதா? போதவில்லை. பலமாகச் சொல்ல வேண்டியிருந்தது. “உங்களைக் கேக்காமலே எழுதிட்டேன்ப்பா. எல்லாம் பொய்.” அம்மா எழுந்து உட்கார்ந்துவிட்டாள். “எதுடி பொய்? அண்ணாச்சி முன்னாடி கணீர்னு வாசிச்சியே, அதா?” முதுகில் ஓர் அடி விழுந்தது. இரண்டாவது அடிக்கு ஓங்கின கையை அப்பா பிடித்துக்கொண்டார். பிடித்த கையை விடாமல் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“அப்ப குறையலையாத்தா?”

மகனே, அவருடைய காது. அவருக்குள்ளே கேட்கிற சத்தம். அது குறைந்ததா என்று என்னைக் கேட்கிறார். “உங்களுக்குத்தான்ப்பா தெரியும்” என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். நான் முதல் வாரம் கேட்டபோது மூடுவாரே, அப்படி. “டாக்டரம்மா சொன்னதுல இருந்து குறைஞ்ச மாதிரித்தான் இருந்துச்சு. நெசமாவே தூங்குனேன். நடிக்கலை” என்றார். இன்னும் கொஞ்சம் கேட்டுவிட்டு, “இப்ப இருக்கு. பழையபடி. ஒன்பது வரும்” என்றார்.

நான் அழ ஆரம்பித்துவிட்டேன். “அழாத. உன் அழுகை வேற அதுல சேந்து கேக்கு” என்றார். அம்மா எழுந்துபோய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து எங்கள் நடுவில் வைத்தாள்.

நான் பொய் சொன்னபோது அவர் தூங்கினார். உண்மையைச் சொன்னதும் சத்தம் திரும்பி வந்துவிட்டது. ஒருவேளை அவருக்கு வந்தது நிஜ ஊசியாகவே இருந்து, கொஞ்சம் வேலை செய்துகொண்டும் இருந்திருக்கலாம். அது இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. டாக்டரம்மாவுக்கும் தெரியாது. அப்பாவைப் போல அங்கே பெஞ்சில் காத்திருந்த மற்றவர்களுக்கும், நாளைக்கு எங்கேயோ குக்கர் சீறுகிறது என்று எழுந்து பார்க்கப்போகிற ஒருவருக்கும் போய்ச் சேர வேண்டிய பதிலில் என் ‘மழை’ கலந்துவிட்டது. வருகிற சனிக்கிழமை நோட்டை நீட்டி இதை டாக்டரம்மாவிடம் சொல்ல வேண்டும். அப்பாவைச் சோதனையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று நினைக்கிறேன். அவர் இன்னொரு தடவை அங்கே யாரையும் சிரிக்க வைக்கப் போவதில்லை.

அதற்கு முன்னால் நாளைக் காலையில், லிஸ்ட் எழுதுவதற்குள், ஃபோர்மேன் வீட்டுக்குப் போக வேண்டும். நாளைக்கு ஞாயிற்றுக்கிழமை, நிச்சயமாக நாலு பேர் அங்கே இருப்பார்கள். பேச்சியக்கா காதுக்கு மத்தியானத்துக்குள் போய்விடும். திங்கட்கிழமை அப்பா மறுபடியும் குழாய் சுற்ற உட்காரும்போது அவள் என்ன சொல்வாள் என்று எனக்கு இப்போதே கேட்கிறது. “நான் மட்டும் போய்ச் சொல்லிட்டு வரட்டாப்பா?” என்று கேட்டேன். அப்பா செம்புத் தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டுச் சொன்னார்.

“ரெண்டு பேரும் போவோம். நோட்டு உன்னோடது, அதை நீ சொல்லு. காது என்னோடது, அதை நான் சொல்லிக்கிறேன்.”